முகத்தளவு டிவி

ரிமோட்டை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறேன். உடுத்தியிருப்பது மயில்கழுத்துப் பட்டு. தலையில் ஒரு முழம் பூ. எனக்குப் பின்னால், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாதிச் சனம் பாயிலும் கதிரையிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் சுவரில் பெரிய டிவி. அதற்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதில் தெரிவது நீலம். வெறும் நீலம். மூலையில் மட்டும் பொடியாக 'ஏவி' என்று இரண்டெழுத்து.

அமுக்குகிறேன். நீலம்.

கையை உயர்த்தி அமுக்குகிறேன். நீலம்.

"என்னா புள்ள, கல்யாணம் கடலுக்குள்ளயா நடக்குது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். முன் கதிரையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரின் கோயிலில் அவருடைய ஒரே மகள் சுகந்தி மணவறையில் வந்து உட்கார்ந்தாயிற்று. அங்கே காலை, இங்கே பின்னேரம். விசா கிடைக்காத தாய் தகப்பன் பார்ப்பதற்காக வீடியோக்காரர்கள் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுவரில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவள் நான்.

அந்த நீலத்துக்கு வருமுன் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், என் பேச்சு எப்போதும் கண்டி ரோட்டு மாதிரி வளைந்துதான் போகும்.

கண் ஒன்று, காது இரண்டு

கண்டி டவுனில் நான் டிவி விற்கிறேன் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: வத்தேகமயிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திகனக்காரரான நியாஸ் நாநாவின் (முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன் என்றால் நாநா) கடையில் வேலை செய்கிறேன். சேர்ந்தது காசாளராக. டிவி பக்கம் நின்ற சேல்ஸ்மேன் கட்டாருக்குப் போன அன்று நாநா என்னைப் பார்த்து, "மேகலா, நீங்க நல்லா பேசுறீங்க தானே, அங்கால நில்லுங்க" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

பெட்டிக்கு மேலே எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், அர்த்தம்தான் உள்ளே போகாது. எனக்கு அர்த்தம் சொல்லித் தந்தவர்கள் வாங்க வந்தவர்கள்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலை வைத்த வயர் இருக்கிறதே, ஏவி வயர், அதை நான் ஒருமுறை எங்கள் சந்தை மரக்கறி வியாபாரி ஒருவருக்கு விளங்கப்படுத்தத் திணறிக்கொண்டிருந்தேன். படம் போவது மஞ்சளில், சத்தம் போவது மற்ற இரண்டில், இடப்பக்கம் வலப்பக்கம் என்று. அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "மஞ்சள் கண்ணு. மத்த ரெண்டும் காது. ஒரு மூஞ்சிக்கு வேற என்னா வேணும்?"

அன்றிலிருந்து நான் அப்படித்தான் சொல்கிறேன். எச்டிஎம்ஐ வயர் என்றால் என்னவென்று யாராவது கேட்டால், "கண்ணும் காதும் ஒரே வயருக்குள்ள போகுது, அதுவும் தெளிவா போகுது" என்பேன். கேட்டவர் தலையாட்டுவார்.

ஃபோர் கே விஷயத்தைத் தெளிவாக்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்த ஒரு டீச்சர். திரையில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கைதான் எச்டி, ஃபுல் எச்டி, ஃபோர் கே என்று ஏறிக்கொண்டு போகிறது என்று நான் சொன்னதும், "ஓம், ஓம், விளங்குது. கோலத்துக்குப் புள்ளி கூடினால் வளைவு வடிவாய் வரும். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஒன்று, டீச்சர் வாங்கிப் போய்ப் பழைய அலைவரிசையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, முந்தி மாதிரித்தானே கிடக்கு" என்று போன் எடுத்தார். வருகிற படத்தில் அத்தனை புள்ளி இருந்தால்தானே திரை காட்டும்? கோலமே போடாவிட்டால் வாசல் பெரிதாயிருந்து என்ன செய்ய, என்று அவருடைய கோலத்தையே எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

ஹேர்ட்ஸ் கணக்குக்கு ஒரு கிரிக்கெட் பைத்தியம் உதவினார். "நொடிக்கு எத்தன தடவ படம் மாறுதுங்கிறதெல்லாம் எனக்கு வேணாம் தங்கச்சி. பந்து வால் மொளைக்காம ஓடுமா, அத சொல்லுங்க." ஹேர்ட்ஸ் கூடக்கூட வால் குட்டையாகும். நான் விற்பதும் அப்படித்தான்.

ஸ்மார்ட் டிவிக்கு மட்டும் நாநாவின் சொந்த வசனம் இருக்கிறது. "நெட் கனெக்ஷன் இல்லாம ஸ்மார்ட் டிவி வாங்குறது, பெற்றோல் இல்லாம லொறி வாங்குற மாதிரி. உக்காந்து ஹோர்ன் அடிக்க மட்டும் ஏலும்." சொல்லிவிட்டு விற்றும் விடுவார், அது அவருடைய கெட்டித்தனம்.

"எம்புள்ள மூஞ்சி அளவுக்கு வேணும்"

பாக்கியம் அக்கா கடைக்கு வந்த நாளில் மழை. நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, வீட்டுக்காரர் ராமையா அண்ணனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். ராமையா அண்ணன் தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். பாக்கியம் அக்கா தேயிலைக் கொழுந்து எடுத்து, இப்போதுதான் ஓய்வாகியிருக்கிறார்.

"எத்தனை இஞ்ச் பார்க்கிறீங்க அக்கா?" என்றேன்.

"இஞ்ச் எல்லாம் தெரியாதும்மா. எம்புள்ள மூஞ்சி அளவுக்கு மூஞ்சி தெரியணும். அது எது?"

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"போன்ல பாத்துப் பாத்து எம்புள்ள இத்துணூண்டா போயிட்டா," என்று கட்டைவிரல் நுனியைக் காட்டினார். "வருசக்கணக்கா வெரல் அளவுலயே பாத்துக்கிட்டு இருக்கேன். கல்யாணத்தன்னைக்காவது அவள அவ அளவுல பாக்கணும்."

ராமையா அண்ணன் கடையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு சத்தம் நல்லா வரணும். கீழ் லயத்து வீடுங்க வரைக்கும் மேளம் கேக்கணும்" என்றார்.

"ஒங்களுக்கு எப்பவும் சத்தம்தான்," என்றார் அக்கா.

டிவியின் இஞ்ச் என்பது அகலம் அல்ல, மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோடு என்று சொல்லிக்கொண்டே டேப்பை எடுத்தேன். பாக்கியம் அக்கா டேப்பைப் பார்க்கவேயில்லை. வலது கையை விரித்து, பெருவிரலைத் தன் நாடியிலும் நடுவிரலைத் தன் நெற்றியிலும் வைத்தார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி" என்று சொல்லிவிட்டு, அந்த விரிப்பு கலையாமல் கையை ஒவ்வொரு டிவிக்கும் முன்னால் கொண்டுபோனார். எல்லாத் திரையிலும் ஒரே விளம்பரம், ஒரே பெண் பல் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னத் திரையில் அக்காவின் கை முகத்தைத் தாண்டி நின்றது. அடுத்ததிலும் தாண்டியது. ஐம்பது இஞ்ச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் நாடியும் நெற்றியும் கைக்குள் அளவாக உட்கார்ந்தன.

"இது."

மேசைக்குப் பின்னால் இருந்த நாநா எழுந்தே வந்துவிட்டார். "இத்தன வருஷமா டிவி விக்கிறேன், டிவிய இப்பிடி அளந்த ஆள இண்டைக்குத்தான் காண்றேன்." அண்ணனின் மேளத்துக்காக ஒரு சவுண்ட் பாரையும் எடுத்துக் கொடுத்தார்.

ஆசையாய்ப் பேசுகிறவர்களிடம் கவனமாக இரு, வாக்குக் கொடுத்துவிடாதே என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அன்று என் வாய் என்னைக் கேட்காமலே, "நானே வந்து சுவர்ல பூட்டித் தாரேன் அக்கா. கல்யாணத்தன்னைக்கும் வந்து நின்னு காட்டித் தாரேன்" என்றது.

பின்பக்கத்துப் பாடம்

கல்யாணத்துக்கு முதல் நாள் போய்ப் பூட்டினேன். தோட்டத்தின் மேல் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தனி வீடு. சுவர்ப் பூச்சின் ஈர வாசம் இன்னும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, அதற்கு மேலே பனி.

சுவரில் ஏற்றுவதற்கு முன், டிவியைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, அக்காவுக்கும் அண்ணனுக்கும் பின்பக்கத்தைக் காட்டி நீளமாக ஒரு பாடம் நடத்தினேன். இது யுஎஸ்பி, பென் டிரைவ் செருக. இது அன்டெனா வயருக்கு. இது ஏவி, ஒங்க பழைய டிஷ் பொக்ஸோட மூணு வயரும் இதுக்குள்ள. இது ரெண்டும் எச்டிஎம்ஐ. இதுல முதலாவதுக்குப் பக்கத்துல 'ஆர்க்'னு எழுதியிருக்கு பாருங்க, மத்த ஓட்டையெல்லாம் உள்ள வர மட்டுந்தான், இது வழியா சத்தம் வெளியவும் போகும். சவுண்ட் பார் இங்க. இரண்டாவதுல சுகந்தி விட்டுட்டுப் போன லெப்டொப்.

"அப்ப இத்தன வாசல் இருக்கு," என்றார் அக்கா. "எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா?"

"வர முடியாது அக்கா. எந்த வாசலத் திறக்கணும்னு நாமதான் ரிமோட்ல சொல்லணும். 'சோர்ஸ்'னு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா வாசலெல்லாம் வரிசையா தெரியும். இறங்கி இறங்கிப் போய் வேண்டியதத் திறக்கணும்."

"அப்ப கல்யாணம் வர்றது எச்டிஎம்ஐ ரெண்டு." அக்கா அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பூட்டி, லெப்டொப்பை மாட்டி, ஏதோ ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. சத்தமும் சவுண்ட் பார் வழியாக வந்தது. அண்ணனுக்குத் திருப்தி. நான் கிளம்பும்போது அவர் டிஷ்ஷுக்கு மாற்றிச் செய்தி பார்க்கத் தொடங்கியிருந்தார்.

வாசலில் நின்று கடைசியாக ஒன்று சொன்னேன். வாங்குகிற எல்லாருக்கும் சொல்வதுதான். "அக்கா, என்ன செஞ்சாலும் திரையில மட்டும் விரல வைக்காதீங்க. பனல் கெட்டுப்போயிரும்."

"சத்தியமா வைக்க மாட்டேன்," என்றார்.

மறுபடி நீலம்

இனி அந்தப் பட்டுச்சேலைக்கு வருகிறேன்.

காலையிலேயே அக்கா புது டிவிக்குப் பூஜை போட்டிருக்கிறார். நம்ம ஆட்கள் லொறி வாங்கினாலும் போடுவோம், தையல் மெஷின் வாங்கினாலும் போடுவோம். இது மகளையே கொண்டுவரப் போகிற டிவி, போடாமல் விடுவாரா? மாலை, ஊதுபத்தி, தேங்காய். கீழே ஒரு செம்பில் தண்ணீரும் மாவிலையும். எல்லாம் முறையாக நடந்திருந்தது.

லெப்டொப்புக்கு மின்சாரம் எடுப்பதற்காக டிஷ் பொக்ஸின் பிளக்கை அண்ணன் கழற்றியிருந்தார். ஆகவே ஏவி வாசலில் ஆளில்லை, வெறும் நீலம். சோர்ஸை அமுக்கி எச்டிஎம்ஐ இரண்டுக்குப் போனால் வேலை முடிந்தது. ஆனால் ரிமோட் சொன்னதை டிவி கேட்கவில்லை. டிவியின் உடம்பில் இருந்தது ஒரே ஒரு பொத்தான், அது அணைக்கவும் போடவும் மட்டுமே.

புது பெட்டரி போட்டேன். நீலம். டிவியை அணைத்துப் போட்டேன். நீலம்.

"லெப்டொப்புலயே பாக்கலாமே," என்றார் ஒருவர். பார்க்கலாம். ஆனால் அது சுகந்தி தாதிப் படிப்புக்கு வைத்திருந்த பழைய மெஷின், திரையில் இடது பாதி கறுத்துப்போனது. மாப்பிள்ளை இந்தப் பாதியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பொண்ணு இருந்தது கறுப்புப் பாதியில்.

"மாப்ளய மட்டும் பாத்து நான் என்னா செய்ய?" என்றார் பாக்கியம் அக்கா.

"அப்ப போன்ல—"

"போன்ல வேணாம்." சத்தமாகச் சொல்லவில்லை. அவருடைய வலது கை மடியில், நாடியிலிருந்து நெற்றிக்கு அளந்த அதே விரிப்பில் கிடந்தது. அவர் அறிந்து வைத்தாரோ இல்லையோ, நான் பார்த்துவிட்டேன். லெப்டொப்பிலிருந்து ஐயர் மாங்கல்யத்தைச் சபையோரிடம் காட்டக் கொடுத்தனுப்பும் சத்தம் கேட்டது.

நாநாவுக்குப் போன் போட்டேன்.

"ரிமோட் உசிரோட ஈக்கா பாருங்க முதல்ல," என்றார். நாநாவின் வாயில் 'இருக்கா' எப்போதும் 'ஈக்கா'தான். "போன் கேமராவத் திறந்து ரிமோட்ட அதுக்கு நேரா புடிச்சி அமுக்குங்க. நம்மட கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராக்குத் தெரியும்."

செய்தேன். ரிமோட்டின் மூக்கில் ஊதா நிறத்தில் மின்மினி மாதிரிச் சிமிட்டியது.

"ரிமோட் நல்லா ஈக்கி. அப்ப டிவிக்குத்தான் தெரியல்ல. முன் பக்கம், கீழ, நடுவுல சின்னக் கண் ஒண்டு ஈக்கும் தானே, மாலை கீலை மறைக்கிதா?"

மாலையை ஒதுக்கினேன். டிவியின் அடிச்சட்டத்தில், நட்டநடுவில், சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதற்கு மேல் குங்குமம் வைத்து, ஒரு ரூபாய்க் காசு அளவில் லட்சணமாக ஒரு பொட்டு.

முதல் நாள் அத்தனை நேரம் பின்பக்கத்து ஓட்டை ஒவ்வொன்றையும் விளக்கியவள், முன்பக்கத்துக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொட்டு வைக்கிறவர் நடுவில்தானே வைப்பார்? டிவி செய்கிறவனும் கண்ணை நடுவில்தான் வைத்திருக்கிறான்.

"நாநா, பொட்டு வச்சிருக்காங்க."

"எங்க?"

"கண்ணுல."

"தொடச்சா சரி தானே," என்றார் மெதுவாக.

எடுத்து வைத்த பொட்டு

துடைத்தால் சரிதான். துடைப்பது யார்?

நான் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயையோ, தாலி ஏறுற நேரத்துல குங்குமத்த அழிக்கிறதா?" என்றார். என் கை அப்படியே நின்றது. எனக்கும் மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

"டிவிக்கு என்னா பொட்டு, தள்ளுங்க நான் தொடைக்கிறேன்," என்று ராமையா அண்ணன் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க," என்றார் அக்கா.

அவரே எழுந்து வந்தார். செம்புத் தண்ணீரில் மோதிர விரலை நனைத்தார். பொட்டின் ஓரத்தில் விரலை வைத்து, குழந்தையின் கண்ணிலிருந்து தூசி எடுப்பது போல மெல்ல ஒற்றினார். வந்ததைக் கழுத்திலிருந்த தன் தாலியில் வைத்தார். மறுபடி ஒற்றினார், தாலியில் வைத்தார். மூன்றாம் தடவை மிச்சமெல்லாம் விரல் நுனியில் சிவப்பாகத் திரண்டு வந்தது. அடியில் கறுப்பாக, மிளகளவில், டிவியின் கண் தெரிந்தது.

"நான் அழிக்கல," என்றார் கூடத்தைத் திரும்பிப் பார்த்து. "எடுத்து வச்சிருக்கேன்." அந்த விரலை யார் மீதும் படாமல் உயர்த்திப் பிடித்தபடியே நின்றார்.

நான் சோர்ஸை அமுக்கினேன்.

வரிசை வந்தது. டிவி. ஏவி. எச்டிஎம்ஐ ஒன்று. "ரெண்டு, ரெண்டு!" என்றார் அக்கா. இறங்கி, அமுக்கினேன்.

முதலில் சத்தம் வந்தது. அண்ணன் கேட்டபடியே, கீழ் லயம் வரைக்கும். நாதஸ்வரமும் தவிலும் தகரக் கூரையை அதிரவைத்தன. வெளியே ஒரு நாய் குரைத்தது. அடுத்து படம். வீடியோக்காரர், அவர் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும், அந்த நேரம் பார்த்துக் கேமராவைப் பொண்ணின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோயிருந்தார். சுவர் நிறையச் சுகந்தி. தலை குனிந்திருந்தாள். கண்ணிமை மை, மூக்குத்தி, உதட்டுக்கு மேலே பூத்திருந்த வேர்வை எல்லாம் தெரிந்தது.

நாடியிலிருந்து நெற்றிக்கு ஒரு கை.

"கெட்டி மேளம்!" என்றது இங்கிலாந்து.

பாக்கியம் அக்கா எட்டி, அந்த விரலை மகளின் நெற்றியில் வைத்தார்.

திரையில் விரல் வைக்கக் கூடாது. பனல் கெட்டுப்போகும். அதைச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் நான். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் ஒரு படி கூட்டினேன். ராமையா அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை பட்டுவிட்டது என்றார். ஊதுபத்தி எப்போதோ அணைந்திருந்தது.

அப்போதுதான் சுகந்தி தலையை நிமிர்த்தினாள். நெற்றியிலிருந்த பொட்டு மூக்குக்கு வந்தது. கேமரா நகர்ந்தது, பொட்டு நகரவில்லை. மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியது. அடுத்து ஐயரின் தாடையில். அடுத்து, அட்சதை தூவிக்கொண்டிருந்த ஒரு கோட்டுக்காரரின் வழுக்கைத் தலையில் சரியாக நடுவில் போய் உட்கார்ந்தது. பாயிலிருந்த சனம் உருண்டு சிரித்தது. "எல்லாருக்கும் வச்சிரு பாக்கியம், யாரையும் விட்றாத!" என்று கடல் கல்யாணம் கேட்ட அதே குரல் கத்தியது. பாக்கியம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுததும் அந்தக் கைக்குள்ளேதான்.

லட்டும் வடையும் பிளேன்டீயும் முடித்து நான் பஸ் ஏறும்போது பனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது. மறுநாளிலிருந்து கடையில் டிவி வாங்குகிற எல்லாரையும் நாநாவே முன்பக்கம் கூப்பிட்டு, "இதுதான் கண். பூவோ பொட்டோ, கொஞ்சம் தள்ளி வைங்க" என்கிறார்.

போன மாதம் பாக்கியம் அக்கா போன் எடுத்தார். டிவி நன்றாக ஓடுகிறதாம். அந்தப் பொட்டை மட்டும் இன்னும் துடைக்கவில்லையாம்.

"நேத்து நியூஸ்ல மழை வருமான்னு சொல்ல ஒரு பொண்ணு வந்துச்சு மேகலா. பொட்டு சரியா அதோட நெத்தியில வந்து நின்னுச்சு, பாத்துக்க. இரு, இருன்னு சொன்னேன். போயிருச்சு."